வரிசையில் நின்றவர்கள் மேசைக்கு வரட்டும்

மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. பாதியளவுக்கு மயில்துத்தக் கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைத் தாதி அதற்குள் விடுகிறார். சொட்டு விறுவிறென்று அடியில் போய் உட்கார்ந்தால் இரத்தம் கொடுக்கலாம். நடுவழியில் தயங்கி மேலே வந்தால் உடம்பில் ஈமோகுளோபின் காணாது என்று அர்த்தம். ஒரு டெசிலீற்றருக்கு 12.5 கிராம் என்பது எல்லை. மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கோயில் மண்டபத்தில் வைத்தும் பார்த்துவிடலாம்.

கம்பளைப் பக்கம் அப்படி ஒரு கோயில் மண்டபத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. கொழுந்துக்காரர். குளித்து, தலைவாரி, திருநீறு வைத்து, இருப்பதில் நல்ல சேலை கட்டி வந்திருந்தார். அவருடைய சொட்டு மிதந்தது. "அம்மே, லே மதி" என்றார் தாதி. இரத்தம் போதாது என்பதைச் சிங்களத்தில் அன்பாகத்தான் சொன்னார். அம்மாவின் முகம் வாடிப்போனது. எழுந்து வெளியே வந்து, கூட வந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "நம்ம ரெத்தம் வேணாமாம்."

பதிவு மேசையில் இருந்த பிள்ளைக்கு அது காதில் விழுந்தது. பேராதனையில் படிக்கிற மாணவி. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, ஒங்க ரெத்தம் நல்ல ரெத்தம். ஒங்களுக்கே காணாம இருக்கு, அதான் எடுக்கல. கிளினிக்ல இரும்புச்சத்து மாத்திர தருவாங்க, கேட்டு வாங்கிப் போடுங்க. சோறு தின்ன கையோட தேத்தண்ணி குடிக்காதீங்க. ஒரு மணித்தியாலம் போகட்டும்." தேயிலையிலுள்ள சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. வாழ்நாள் முழுக்கத் தேயிலை பறித்த அம்மாவுக்கு இதை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

முகாம் நடத்திய கழகத்தின் அறிக்கையில் அன்று எத்தனை பைந்து இரத்தம் சேர்ந்தது என்பது மட்டும்தான் பதிவாகும். அந்தப் பிள்ளை செலவழித்த இரண்டு நிமிடத்துக்கு அறிக்கையில் இடமில்லை. என் கண்ணுக்கு அன்றைய முகாமின் பெரிய வேலையே அதுதான்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் ரோட்டரி, லயன்ஸ், அவற்றின் இளைஞர் பிரிவுகள், செஞ்சிலுவைச் சங்கம், சென்ற் ஜோன் அம்புலன்ஸ், வை.எம்.சி.ஏ., சர்வோதயம் என்று சேவை அமைப்புகளுக்குக் குறைவில்லை. இவற்றைப் பற்றி நம்மவர் மனத்தில் ஒரு சித்திரம் ஊறிப்போயிருக்கிறது. அது கோட் போட்ட பெரிய மனிதர்களின் சங்கம், இங்கிலீஷில் கூட்டம் நடத்துவார்கள், வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வந்து ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். நாம் வரிசையில் நிற்பவர்கள், அவர்கள் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள். இந்தச் சித்திரம் மாற வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மேசைக்குப் பின்னால் இன்று ஆள் தேவைப்படுகிறது. அதிலும் தமிழ் தெரிந்த ஆள்.

இரத்தத்திலிருந்தே தொடருவோம். இலங்கையில் இப்போது இரத்தம் விலைக்கு விற்கப்படுவதில்லை. "நோயாளிக்கு ஏற்றவேண்டும், உறவினர் வந்து கொடுங்கள்" என்று கேட்கிற வழக்கமும் இல்லை. 2014 முதல் நாட்டுக்குத் தேவையான முழு இரத்தத்தையும் பிரதிபலன் பாராமல் கொடுப்பவர்களிடமிருந்தே தேசிய குருதி மாற்றுச் சேவை திரட்டுகிறது. பணக்கார நாடுகள் சிலவற்றுக்கே வாய்க்காத ஏற்பாடு இது. இதன் பெரும்பகுதி நடமாடும் முகாம்களில் சேருகிறது. இடம் பிடித்து, ஆள் திரட்டி, கட்டில் போட்டு, பிஸ்கட்டும் குளிர்பானமும் வைத்து அந்த முகாம்களை நடத்துவது விகாரைகளும் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் இந்தக் கழகங்களும்தான்.

முகாம் எப்போது வைப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவரிடம் எடுப்பது 450 மில்லிலீற்றர். அதைப் பிரித்தால் செங்குருதிக் கலங்கள் குளிரூட்டியில் 42 நாட்கள் வரை தாங்கும். குருதிச் சிறுதட்டுகளுக்கோ ஐந்தே நாள் ஆயுள். புற்றுநோயாளிகளுக்கு அந்தத் தட்டுகள் அடிக்கடி தேவைப்படும். தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு மாதம் தவறாமல் செங்குருதி ஏற்றவேண்டும். எல்லாரும் வெசாக் மாதத்தில் போட்டிபோட்டு முகாம் வைத்துவிட்டுப் பிறகு ஓய்ந்துவிட்டால் இரத்த வங்கிக்கு என்ன பயன்? நல்ல கழகம் முதலில் இரத்த வங்கியைக் கேட்கும், ஆட்கள் குறைவாக வரும் மாதம் எது என்று அறிந்து அதில் நாள் குறிக்கும். 18 வயதுக்கு மேல் 60க்குள் இருப்பவர், 50 கிலோவுக்குக் குறையாத உடல்வாகு, நோய்நொடி இல்லாதவர் என்றால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கண்டி தேசிய வைத்தியசாலை நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை. ஹட்டனிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் பதுளையிலிருந்தும் நம் சனங்கள் பெரிய வருத்தம் என்றால் வந்து சேர்வது அங்கேதான். அவர்களுக்கு ஏறும் இரத்தத்தில் நம்முடையதும் கலந்திருக்க வேண்டாமா?

கழகம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மரணாதாரச் சங்கம் இருக்கும். மாதம் ஒரு சிறு தொகை சந்தா. சாவு விழுந்த வீட்டுக்குச் சொல்லாமலே நாற்காலி வரும், தறப்பாள் வரும், பெட்டிக்கு முற்பணம் வரும். இராமுழுக்க விழித்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற நாலு பொடியன்கள் நிற்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்குப் புத்தகம், வருடாந்தக் கூட்டம், அதில் ஒரு சண்டை எல்லாம் உண்டு. 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் மூன்று நண்பர்களைக் கூட்டித் தொடங்கிய ரோட்டரியும், 1917இல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கிய லயன்ஸும் அடிப்படையில் இதே வேலையைச் செய்கிற சங்கங்கள்தான். அவர்களுக்கு உலகம் முழுக்கக் கிளை இருக்கிறது. நமக்கு ஒரு தோட்டத்தோடு முடிந்துபோகிறது. தறப்பாள் கட்டத் தெரிந்த கைக்கு மருத்துவ முகாம் நடத்தத் தெரியாமல் போகாது.

ரோட்டரி 1929இல் கொழும்புக்கு வந்தது. லயன்ஸ் வந்தது 1958இல். அதே 1958இல்தான் ஏ. டி. ஆரியரத்ன என்ற ஆசிரியர் தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போய் மண்வெட்டி பிடிக்கவைத்தார். சர்வோதயம் அங்கே பிறந்தது. 'சிரமதானம்' என்ற சொல்லும் நம் நாவில் அதற்குப் பிறகுதான் இப்படி ஊறியது. கண்டியில் மெத எலைக் கால்வாயைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு போகிறார்கள். வாவியிலிருந்து வழியும் தண்ணீர் நகரத்தின் நடுவே ஓடி, கெட்டம்பேயில் மகாவலியோடு சேரும் கால்வாய் அது. ஹந்தானை மலைக்கு ஏறுகிறவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் போத்தல்களைச் சாக்கில் கட்டி இறக்குவதும் சிரமதானம்தான். நகரத்தைத் தினமும் கூட்டிப் பெருக்குகிறவர்கள் மஹியாவ குடியிருப்பில் தலைமுறைகளாக வாழும் நம்மவர்கள் என்பதை அந்தச் சிரமதானங்களுக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். வேலைக்குச் சம்பளம் வாங்கும் கையையும் வேலையைத் தானமாகக் கொடுக்கும் கையையும் ஒரே கால்வாயில் பார்க்கும்போது, யாருக்கு யார் நன்றி சொல்லவேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

இந்தக் கழகங்கள் பெரிதாக எதையும் சாதித்ததில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். போர் உக்கிரமாக நடந்த ஆண்டுகளில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கத் தேசிய தடுப்பு மருந்து நாட்கள் குறிக்கப்பட்டன. வடக்குக் கிழக்கில் குண்டு விழும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? அரசு, யுனிசெப், ரோட்டரி மூன்றும் சேர்ந்த குழு பேசிப் பேசி, இரு தரப்பும் அந்த நாட்களில் துப்பாக்கியை இறக்கி வைக்கச் செய்தது. அந்தக் குழுவை முன்னின்று நடத்தியவர் கே. ஆர். ரவீந்திரன். பின்னாளில் 2015-16இல் சர்வதேச ரோட்டரிக்குத் தலைவரான முதல் இலங்கையர் அவர். இலங்கையில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி பதிவானது 1993இல். அதன்பின் ஒரு குழந்தைக்கும் அது வரவில்லை. அந்தச் சொட்டு மருந்துப் பெட்டியைச் சுமந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயரே கிடையாது. தொண்டர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

கண் முகாமுக்கு வருவோம். 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் கண் அவர்களின் முதன்மைப் பணி. தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கம் நடக்கும் கண் முகாம்களில் நான் அதிக நேரம் நிற்பது எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அந்தப் பலகையில் மூன்று விரல் நீட்டிய கை போன்ற ஒரே வடிவம் பல பக்கமும் திரும்பி நிற்கும். தூரத்தில் அதைக் காட்டிக்கொண்டு நிற்கும் தம்பி, "அம்மா, இது எந்தப் பக்கம் பாக்குது, கையால காட்டுங்க" என்பான். ஒரு பாட்டி கையை மேலே காட்டி, பக்கத்தில் காட்டி, பிறகு வெட்கப்பட்டுச் சிரித்து, "எல்லாம் புகையாத்தான் தெரியுது தம்பி" என்றார். பிறகு வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். பாட்டி பலகையைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொழுந்துக் கறை படிந்த ரேகைகளைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வயதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதானே வெள்ளெழுத்து, பத்திரிகை வாசிக்காதவருக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அசாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 751 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாரும் 40 வயதைக் கடந்தவர்கள். பாதிப்பேருக்கு உடனே கண்ணாடி, மற்றவர்களுக்குச் சோதனை முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம். 2018இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு நாள் பேருக்குக் குறித்த அளவுக்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு கிடைக்கிற நம் தோட்டங்களில் இதன் பொருள் என்னவென்று கொழுந்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கழகம் வருடத்துக்கு ஒரேயொரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யட்டும் என்பேன்.

எந்த முகாமுக்குப் போனாலும் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், வரிசையில் சனமும் இருக்கிறது. நடுவில் பேச ஆளில்லை. வயிற்றில் எரிச்சலா, குத்தலா, இழுவையா என்று கேட்டுச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் வைத்தியர் எதை வைத்து மருந்து எழுதுவார்? கண்டிப் பெரியாஸ்பத்திரியிலும் நிலைமை அதுதான். கையில் துண்டை வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் ஓரமாக நிற்கும் தோட்டத்துக் குடும்பத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். வாரத்தில் ஒரு காலைப்பொழுது அவர்களோடு நடப்பதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம். இரண்டு மொழியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படிவம் நிரப்புவதும் அப்படியான வேலைதான். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கை முழுதாகத் தீர்க்க 2003இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேப்பரில் இல்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் பேப்பரில்தான் தொல்லை. பிறப்பத்தாட்சியில் அப்பாவின் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் இன்னொருவிதம். சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் திருப்பும்போது ஓர் எழுத்து நழுவியிருக்கும். அந்த ஓர் எழுத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு நாலு நடை, நாலு நாள் சம்பளம் போச்சு. தோட்டத்துக் கோயிலில் ஒரு மேசை போட்டு மாதம் ஒருமுறை இரண்டு பேர் உட்கார்ந்தால் எத்தனை நடை மிச்சம்! செலவு என்று பார்த்தால் பேனாவும் போட்டோ பிரதிக் காசும்தான். ஏனோ கழகங்களின் வருடத் திட்டத்தில் இதை அதிகம் காண முடிவதில்லை.

தோட்டத்து மக்களுக்காக இப்படி யோசித்து உழைத்த ஒருவர் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார். யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் இருந்து, தோட்டத்தைப் பற்றியும் அதை ஒட்டிய சிங்களக் கிராமத்தைப் பற்றியும் சேர்த்தே யோசிக்கிற இடமாக அதை வைத்திருந்தார். தோட்டத்துக்கு ஒன்றைக் கொடுத்து அயல் கிராமத்தை விட்டால் பகைதான் மிஞ்சும் என்பது அவர் கண்டறிந்த பாடம். 2017இல் காலமானார். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. மூன்று இனத்தவரும் சேர்ந்து ஒரு கால்வாயைத் துப்புரவாக்குவது சின்னக் காரியமாகத் தெரியலாம். ஆபத்து வரும் இரவில் யாருக்கு யாருடைய தொலைபேசி இலக்கம் தெரியும் என்பது அந்தச் சின்னக் காரியங்களில்தான் முடிவாகிறது.

2025இல் கண்டி இரண்டு பெரிய காட்சிகளைக் கண்டது. ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பிறகு, புத்தரின் புனித தந்தத்தைப் பொதுமக்கள் நேரில் தரிசிக்கத் திறந்தார்கள். நகரம் கொள்ளாத கூட்டம். இரவு பகலாக வீதியில் வரிசை. அப்போது யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. வீட்டுக்காரர்கள் படலையைத் திறந்து கழிப்பறையைக் காட்டினார்கள். பள்ளிவாசல்கள் யாத்திரிகர்கள் படுக்கப் பாய் விரித்தன. தண்ணீர்ப் போத்தலும் சோற்றுப் பார்சலும் கை மாறிக்கொண்டே இருந்தன.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். மலை சரிந்தது, மகாவலி பெருகிக் கம்பளையை மூழ்கடித்தது. அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. வெள்ளம் வடிந்த மறுநாளே மண்வெட்டியும் தும்புத்தடியுமாக வெளியூர் இளைஞர்கள் வந்து, முன்பின் தெரியாதவர்களின் வீட்டுச் சேற்றை வாரினார்கள். அந்த நன்றியோடு ஒரு வேதனையையும் சொல்லவேண்டும். எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பலமாக எழுந்தது. லயத்துக்கு மேலேயுள்ள சரிவு இளகுகிறது என்ற செய்தி, லயத்தில் இருப்பவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் அது யாருக்கான செய்தி?

இதில் ஒரு கழகம் செய்யக்கூடியது நிறைய. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. 100ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தாலோ அந்த இடத்தில் இருக்காதே. ஒரு சாதாரண மழைமானி, அதைப் படித்துக் குறித்துவைக்கும் ஒரு பாடசாலைப் பிள்ளை, வரும் எச்சரிக்கையைத் தமிழில் திருப்பி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்லும் ஒருவர். இவ்வளவுதான் வேண்டும். நிவாரணப் பொதி சுமப்பதைவிட இது பெரிய சேவை, ஏனென்றால் இது சாவுக்கு முன்னால் வந்து நிற்கும் சேவை.

கழகங்களிடம் மனம் நொந்து சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. வருடம் பிறந்தால் புத்தகப்பை விநியோகம். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பையின் ஒரு காதைப் பிள்ளையும் மறு காதைப் பிரமுகரும் பிடித்துக்கொண்டு கெமராவைப் பார்க்கவேண்டும். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பை பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைதான். பை உழைத்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் படம் மறுநாள் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் பையைவிட நீண்ட நாள் உழைத்தது. கொடுங்கள், படம் வேண்டாம். கழக அறிக்கைக்குப் படம் கட்டாயம் என்றால் அடுக்கி வைத்த பைகளை எடுங்கள்.

பையோடு நின்றுவிடாமல் கணிதம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் சனி ஞாயிறுகளில் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து கருத்தரங்கு நடத்துவார்கள். தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு அந்த இரண்டு நாள் பெரும் பேறு. கழகங்கள் அவர்களுக்கு வேன் செலவும் மதியச் சாப்பாடும் பொறுப்பெடுத்துக்கொண்டு, இரண்டு நாளை இருபது நாளாக்க வேண்டும்.

எப்படிச் சேருவது என்று கேட்பீர்கள். முகாமில் கைகொடுக்க அங்கத்தவராக வேண்டிய கட்டாயமே இல்லை. இரத்ததான முகாம் என்று பதாகை தொங்கினால் உள்ளே போய், ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 12 வயதிலிருந்தே இண்டரக்ட், லியோ கழகங்கள் உண்டு. பாடசாலையில் இல்லையென்றால் அதிபரிடம் கேட்டு ஆரம்பிக்கலாம். 18க்கு மேல் ரோட்டராக்ட். முன்பு 30 வயதோடு வெளியேற வேண்டியிருந்தது, 2020இல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். லியோவில் 30 வரை இருக்கலாம். பெண்களுக்கு லயன்ஸ் 1987இலும் ரோட்டரி 1989இலும் கதவைத் திறந்தன. அதற்கு முன் அவை ஆண்கள் மட்டும் இருந்த இடங்கள் என்பதை இன்று அங்கே தலைவிகளாக இருக்கும் பெண்களைப் பார்த்தால் நம்பமுடியாது. கழக வருடம் ஜூலை 1இல் தொடங்கும். புதிய நிர்வாகம் வரும் அந்த மாதத்தில் விருந்தாளியாக இரண்டு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். சந்தா எவ்வளவு, எத்தனை கூட்டத்துக்கு வரவேண்டும் என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள். முதலுதவி கற்க விருப்பமென்றால் செஞ்சிலுவையும் சென்ற் ஜோனும் பயிற்சி தருகின்றன. பெரஹரா இரவுகளில் கூட்டத்தில் மயங்கி விழுகிறவரைத் தூக்கிவந்து தண்ணீர் தெளிப்பவர்கள் அந்தச் சீருடைக்காரர்கள்தான்.

இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்கவேண்டாம். கூட்ட அறிக்கையை யாராவது எழுதிக்கொள்வார்கள். முகாம் நாளில் அவர்கள் தேடுவது வேறு ஆளை.

முகாமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் இடம் கண்டி பஸ் நிலையத்துப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியாக இருக்கும். விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், ஹாஜி முகமது இஸ்மாயில், அவன் நினைவாக 1950இல் இந்த நகரத்துக்குக் கட்டிக்கொடுத்த கோபுரம் அது. வேன் அங்கிருந்துதான் புறப்படும். ஏறி உட்காருங்கள். முதல் நாள் உங்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலைதான் கிடைக்கும். பத்து மணியளவில் வரிசை நீண்டதும் யாராவது வந்து, "தமிழ் தெரியும்தானே, அந்த மேசைக்குப் போங்க" என்பார்கள். போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருகிறவர் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றால், அதை மெல்லத் திருப்பி வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா, பேர் என்ன?" என்று கேளுங்கள்.